லாக் புக் இல்லாத தான விமானத்துக்கு மதிப்புப் போடுவது: முழுமையான வழிகாட்டி

கோவை, ஈரோடு, நாமக்கல் பக்கம் ஏரோநாட்டிகல் பாடம் நடத்தும் கல்லூரிகளுக்கு அவ்வப்போது ஒரு பழைய விமானம் தானமாக வந்து சேரும். பயிற்சிப் பள்ளியை மூடியிருப்பார்கள், அல்லது மில் குடும்பத்தில் பறக்கிறவர் காலமாகியிருப்பார். இறக்கையைக் கழற்றி லாரியில் ஏற்றி அனுப்பிவிடுவார்கள். லாக் புக் (பறந்த மணியும் செய்த பழுதுவேலையும் எழுதும் பதிவேடு) மட்டும் வராது. மார்ச் மாதம் ஆடிட்டர் கேட்பார்: "ஏனுங்க, இதைக் கணக்கில் எவ்வளவுக்கு ஏத்தறது?"

இந்த வேலையைச் சில முறை செய்திருக்கிறேன். புதிதாகச் செய்பவர்கள் அருகில் நின்றும் பார்த்திருக்கிறேன். பெரும்பாலோர் விலையிலிருந்து தொடங்குகிறார்கள். அதே மாடல் வெளியே என்ன விலைக்குப் போகிறது என்று தேடி எடுத்து, பதிவேடு இல்லை என்பதற்காகப் பாதியைக் கழித்து எழுதிவிடுகிறார்கள்.

அந்தப் பாதிக்கு ஆதாரம் எதுவும் கிடையாது. திருச்செங்கோட்டில் பழைய போர்வெல் ரிக் வாங்குகிறவர் கம்ப்ரெசர் எத்தனை மணி ஓடியது என்றுதான் முதலில் கேட்பார். மணி தெரியாவிட்டால், இறக்கிப் பார்த்துச் சரிசெய்ய என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுவிட்டுத்தான் விலை பேசுவார். விமானத்துக்கும் அதே வழிதான். தொலைந்த ஒவ்வொரு காகிதத்துக்கும் பதிலாக என்ன வேலை செய்ய வேண்டும், அதற்கு என்ன செலவு என்று ஒவ்வொன்றாக எண்ண வேண்டும். கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள். ஒவ்வொரு படியும் அடுத்த படிக்கு வேண்டியதைத் தரும்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

இரண்டு ஆட்கள் வேண்டும். அந்த வகை விமானத்துக்கு உரிமம் உள்ள ஏ.எம்.இ. (விமானப் பராமரிப்புப் பொறியாளர்) ஒருவர், மதிப்பீட்டாளர் ஒருவர். கம்பெனிகள் சட்டம் 2013-இன் 247-ஆவது பிரிவின்படி மதிப்பீடு தேவைப்பட்டால், ஐ.பி.பி.ஐ.யில் (திவால் வாரியம், மதிப்பீட்டாளர்களைப் பதிவு செய்வதும் இதுதான்) பதிவு பெற்றவர்தான் கையெழுத்திட முடியும். விமானம் அங்கே 'பிளான்ட் அண்ட் மெஷினரி' வகுப்பில் வரும். ஒருவரே இரண்டு வேலையையும் பார்ப்பதை நான் ஏற்பதில்லை. மதிப்பீட்டாளருக்கு ஸ்பார் (இறக்கையைத் தாங்கும் முதுகெலும்பு போன்ற உத்தரம்) எங்கே அரிக்கும் என்று தெரியாது. ஏ.எம்.இ.க்குச் சந்தை விலையை எப்படி நிறுவுவது என்று தெரியாது.

கருவிகள்: நல்ல டார்ச், கைப்பிடி வைத்த சின்னக் கண்ணாடி, காந்தம், போரோஸ்கோப் (துளை வழியே உள்ளே பார்க்கும் குழாய்க் கேமரா), கேமரா. இரும்புப் பாகத்தையும் அலுமினியப் பாகத்தையும் பெயின்ட்டுக்கு மேலேயே பிரித்தறியத்தான் காந்தம்.

2. மதிப்பு யாருக்கு, எந்தத் தேதிக்கு?

கல்லூரியின் சொத்துப் பதிவேட்டுக்கா, இன்ஷூரன்ஸுக்கா, தானம் கொடுத்தவரின் வரிக்கா, பின்னால் விற்பதற்கா? நான்குக்கும் நான்கு எண் வரலாம். இதை எழுத்தில் வாங்காமல் விமானத்தின் பக்கம் போகாதீர்கள்.

வரி விஷயத்தில் ஒரு தவறான எண்ணம் ஆழமாக ஊறியிருக்கிறது. "பெரிய தொகையாப் போட்டுக் குடுங்க, கொடுத்தவருக்கு 80ஜி கிடைக்குமுங்க" என்பார்கள். வருமான வரிச் சட்டம் 1961-இன் 80ஜி பிரிவில் பணமாகத் தந்த நன்கொடைக்கு மட்டும்தான் கழிவு உண்டு, பொருளுக்கு இல்லை. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் என்பதால் பிரிவு எண்ணை ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இதை முதல் நாளே கொடுப்பவரிடம் சொல்லிவிட்டால், மதிப்பை ஏற்றச் சொல்லும் நெருக்கடி பெரும்பாலும் தானே அடங்கிவிடும்.

கொடுப்பவர் வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றவர் என்றால் எஃப்.சி.ஆர்.ஏ. 2010 (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) குறுக்கே வரும். பொருளாகத் தருவதும் அந்தச் சட்டத்தில் வெளிநாட்டு நன்கொடைதான். ஓ.சி.ஐ. (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினர்) அட்டை வைத்திருக்கும் நம் ஊர்க்காரரும் இதில் அடங்குவார்.

அமெரிக்காவில் இருக்கும் உறவினர் அங்குள்ள அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கிறார் என்றால் விதிகள் வேறு. 5,000 டாலருக்கு மேல் கழிவு கோரினால் தகுதி பெற்ற மதிப்பீட்டாளரின் அறிக்கையும் 8283 படிவமும் வேண்டும். தானத் தேதிக்கு 60 நாளுக்கு முன்னால் செய்த மதிப்பீட்டை ஏற்கமாட்டார்கள். அந்த ஊர் வழக்கத்தைப் படித்துவிட்டு இங்கே பொருத்திப் பார்த்துக் குழம்புகிறவர்கள் உண்டு.

மதிப்புத் தேதி என்பது விமானம் உங்கள் கைக்கு வந்த நாள். நீங்கள் பார்க்கப் போன நாளைப் போடாதீர்கள். இடையில் ஒரு மழைக்காலம் கடந்திருந்தால் இரண்டும் வேறு வேறு விமானம் என்றே சொல்லலாம்.

3. தானம் செல்லுமா?

சொத்து மாற்றச் சட்டம் 1882-இன் 123-ஆவது பிரிவின்படி அசையும் பொருளைக் கையில் ஒப்படைத்தாலே தானம் செல்லும். ஆனால் கொடுத்தவருக்கு உரிமை இருந்ததா என்பதுதான் கேள்வி. டி.ஜி.சி.ஏ. (இந்திய விமானப் போக்குவரத்து இயக்குநரகம்) பதிவுச் சான்றில் யார் பெயர் இருக்கிறது, வங்கிக்கு அடமானம் இருக்கிறதா, பதிவு ரத்தாகிவிட்டதா என்று பாருங்கள். வரிச்சலுகையில் பயிற்சிக்கென்று இறக்குமதியானதாக இருந்தால், கைமாறும்போது சுங்க நிபந்தனை ஏதாவது பாக்கி நிற்கிறதா என்று கேளுங்கள்.

விமானப்படையிலிருந்து வந்தது என்றால் கடிதத்தை வரி வரியாகப் படியுங்கள். காட்சிக்கு வைத்துக்கொள்ள மட்டும் ஒதுக்கியிருந்தால் அது உங்கள் சொத்து ஆகாது. சொத்துப் பதிவேட்டில் ஏற்ற எண்ணும் கிடையாது.

4. கழுவாதீர்கள், பெயின்ட் அடிக்காதீர்கள், ப்ரொப்பெல்லரைச் சுற்றாதீர்கள்

எனக்கு மிகவும் வருத்தம் தந்த படி இதுதான். ஒரு கல்லூரியில் நான் போய்ச் சேர்வதற்குள் திறப்பு விழாவுக்கென்று வெள்ளையும் நீலமுமாகப் பெயின்ட் அடித்து முடித்திருந்தார்கள். இறக்கை அடியில் ரிவெட் வரிசையோரம் படிந்திருக்க வேண்டிய கருப்புக் கசிவு எதுவும் மிஞ்சவில்லை. தளர்ந்த ரிவெட்டைக் காட்டிக்கொடுப்பதே அந்தக் கசிவுதான். விமானத்தில் ஒட்டியிருந்த தேதிச் சீட்டுகளையும் சுரண்டி எடுத்திருந்தார்கள். விமானம் பார்க்க அழகாக இருந்தது. ஆனால் படிப்பதற்கு அதில் எதுவும் மிஞ்சவில்லை.

ப்ரொப்பெல்லரை, "இன்ஜின் ஜாம் ஆயிருக்கான்னு பாக்கலாமுங்க" என்று கையால் சுற்றுவார்கள். இரண்டு காரணத்துக்காகக் கூடாது. மேக்னட்டோவுக்கு (ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தரும் பாகம்) பேட்டரி தேவையில்லை. அதன் எர்த் வயர் அறுந்திருந்தால், சாவி இல்லாமலேயே ஒரு சிலிண்டரில் பெட்ரோல் பற்றி, ப்ரொப்பெல்லர் திடீரென்று சுழன்று கை போய்விடும். இரண்டாவது காரணம், வருஷக்கணக்காக நின்ற லைகமிங் (சிறு விமானங்களில் வரும் ஒரு மேக்) இன்ஜினில் கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) மேலே இருக்கிறது. எண்ணெய் எல்லாம் கீழே வடிந்து அது காய்ந்து துருவேறியிருக்கும். சுற்றினால் அந்தத் துரு தேய்ந்து, இருந்த கொஞ்ச மதிப்பும் குறையும்.

படையிலிருந்து வந்த ஜெட் என்றால் இஜெக்‌ஷன் சீட்டின் (ஆபத்தில் விமானியை வெளியே எறியும் இருக்கை) வெடிமருந்து எடுக்கப்பட்டதற்கான சான்று கைக்கு வரும்வரை காக்பிட்டில் யாரும் ஏறக் கூடாது. மாணவர்கள் செல்ஃபி எடுக்க ஏறிவிடுவார்கள். அதனால் முதல் நாளே பூட்டுப் போடுங்கள். பழைய ஒளிரும் டயல்களில் ரேடியம் இருக்கலாம். அவற்றைப் பிரிக்காதீர்கள்.

முதல் நாள் வேலை போட்டோ மட்டும். மூக்கிலிருந்து வால்வரை சுற்றி வந்து, ஒவ்வொரு தகட்டையும் சீட்டையும் எழுத்து தெரியும்படி எடுங்கள்.

5. எண்களையும் தேதிகளையும் எடுப்பது

உடல், இன்ஜின், ப்ரொப்பெல்லர், இரண்டு மேக்னட்டோ, கார்புரேட்டர் ஆகியவற்றின் சீரியல் நம்பரைத் தகட்டிலிருந்து நேரடியாக எழுதுங்கள். கொடுத்தவரின் கடிதத்தில் உள்ள எண்ணை நம்பாதீர்கள். பள்ளிகளில் இன்ஜினை ஒன்றிலிருந்து கழற்றி இன்னொன்றில் மாட்டுவது வழக்கம். கடிதத்தில் இருக்கும் இன்ஜின் எங்கோ பறந்துகொண்டிருக்கும்.

லைகமிங் இன்ஜினின் எண் 'ஆர்.எல்.' என்று தொடங்கினால், அது தொழிற்சாலையில் மறுபடி கட்டப்பட்டது. அன்று அதற்குப் புதிய பதிவேடு, பூஜ்ய மணியிலிருந்து தொடங்கியிருக்கும்.

அடுத்து தேதிகள். பதிவேடு தொலைந்தாலும் விமானத்தின் மேலேயே நிறையத் தேதிகள் இருக்கும். காம்பஸ் திருத்த அட்டையில் தேதியும் கையெழுத்தும் உண்டு. எண்ணெய்க் குழாய்ச் சீட்டு, சீட் பெல்ட் சீட்டு, தீயணைப்பான், இ.எல்.டி. (விபத்தில் இடத்தைக் காட்டும் ஒலிபரப்பி) பேட்டரி, ஆல்டிமீட்டர் சோதனை ஒட்டுச்சீட்டு, டயரின் எண் என எல்லாவற்றையும் பழையதிலிருந்து புதியதுவரை ஒரே பட்டியலாக எழுதுங்கள். அந்தப் பட்டியலின் கடைசித் தேதிக்குப் பிறகு பொறுப்புள்ள கை எதுவும் இதைத் தொடவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். ஆறாவது படிக்கு எந்த வருஷத்தில் தேடுவது என்பதை இந்தப் பட்டியல்தான் சொல்லும்.

6. காகிதத்தைத் தேடுவது

இதற்கு மூன்று வாரமாவது ஒதுக்குங்கள். மொத்த வேலையில் அதிகம் பலன் தருவது இதுதான். அதிகம் பேர் ஒரே ஒரு கடிதம் போட்டுவிட்டுக் கைவிடுவதும் இதைத்தான்.

'லாக் புக் இல்லை' என்று மொத்தமாகச் சொல்வார்கள். எது இல்லை என்று பிரித்துக் கேளுங்கள். உடலுக்கு ஒன்று, இன்ஜினுக்கு ஒன்று, ப்ரொப்பெல்லருக்கு ஒன்று, பயணப் பதிவேடு ஒன்று. நான்கும் ஒன்றாகத் தொலைவது அபூர்வம். இன்ஜின் புத்தகம் ஓவர்ஹால் (முழுவதும் பிரித்துப் புதுப்பிக்கும்) கடையிலேயே தங்கியிருக்கலாம்.

கடைசியாக ஏ.ஆர்.சி. (பறக்கத் தகுதி என்று பரிசீலித்துத் தரும் சான்று) கொடுத்த பராமரிப்பு நிறுவனத்துக்கு சீரியல் நம்பருடன் எழுதுங்கள். அவர்களிடம் வேலை அட்டைகளின் நகல் இருக்கக்கூடும். இன்ஷூரன்ஸ் கம்பெனியின் பழைய விண்ணப்பத்தில் அந்த வருஷத்து மொத்த மணியை எழுதியிருப்பார்கள். விமானம் முன்பு அமெரிக்கப் பதிவில் இருந்திருந்தால், எஃப்.ஏ.ஏ.விடம் (அமெரிக்க விமானத் துறை) அதன் பழைய கோப்பின் நகல் கேட்டு வாங்கலாம். பெரிய பழுதுகளும் மாற்றங்களும் 337 என்ற படிவமாக அதில் இருக்கும். விபத்து நடந்ததா என்று டி.ஜி.சி.ஏ.வும் ஏ.ஏ.ஐ.பி.யும் (விமான விபத்து விசாரணை அமைப்பு) வெளியிட்ட அறிக்கைகளில் பதிவெண்ணைப் போட்டுத் தேடுங்கள். ஏ.ஏ.ஐ.பி. 2012-இல்தான் தொடங்கியது. அதற்கு முந்தியவை டி.ஜி.சி.ஏ. பக்கம்.

பலருக்குத் தோன்றாத இடம் ஒன்று உண்டு: பழைய மாணவர்கள். பயிற்சி பெற்ற ஒவ்வொருவரின் சொந்தப் பறத்தல் பதிவேட்டிலும் விமானத்தின் பதிவெண், தேதி, நேரம் மூன்றும் இருக்கும். அவர்களில் பலர் இன்று ஏர்லைன்ஸில் கேப்டன்கள். முதலில் தனியாகப் பறந்த விமானத்தை யாரும் மறப்பதில்லை. ஒருவரிடம் போனில் பதிவெண்ணைச் சொன்னேன். சற்று நேரம் பேச்சே இல்லை. பிறகு, "அது இன்னும் இருக்குதுங்களாண்ணா?" என்றார். அன்று இரவே பதினோரு பக்கம் போட்டோ எடுத்து அனுப்பினார்.

பெட்ரோல் பில்லும் உதவும். செஸ்னா 152 மணிக்கு ஏறத்தாழ 23 லிட்டர் ஏவ்காஸ் (விமான பெட்ரோல்) குடிக்கும். ஒரே ஒரு விமானம் இருந்த பள்ளி என்றால், வருஷ மொத்த லிட்டரை வகுத்தால் மணி ஓரளவுக்குக் கிடைக்கும்.

7. மணிக்கணக்கை மீட்பது

டாக்கோமீட்டரில் (இன்ஜின் சுழற்சியும் ஓடிய மணியும் காட்டும் மீட்டர்) தெரியும் எண்ணை மொத்த மணி என்று எழுதிவிடுவது புதியவர்களின் பெரிய பிழை. டாக்கோமீட்டரை மாற்றியிருக்கலாம். மாற்றினால் எண் பூஜ்யத்திலிருந்து தொடங்கும், அல்லது வேறு விமானத்தின் எண்ணோடு வரும். அது ஓடும் வேகமும் இன்ஜின் சுழற்சியைப் பொறுத்தது. தரையில் மெதுவாக ஓடும்போது ஒரு மணி நேரம் முழுதாக ஏறாது. ஹாப்ஸ் மீட்டர் எண்ணெய் அழுத்தம் இருக்கும்வரை கடிகாரம் போல ஓடும். இரண்டும் ஒத்துப்போகாமல் இருப்பது இயல்பு. எது எதைக் குறிக்கிறது என்று தெரிந்து எழுதுங்கள்.

எண்ணை உலோகத்தோடு ஒப்பிடுங்கள். நான் பார்த்த ஒரு செஸ்னாவில் மீட்டர் 1,400-ஐச் சொச்சம் காட்டியது. ரடர் பெடலில் குதிகால் படும் இடத்தில் தகடு பளபளவென்று பள்ளமாகியிருந்தது, கதவுக் கீல் ஆடியது, சீட் ரெயிலில் பின் நுழையும் துளைகள் முட்டை வடிவத்துக்கு வந்துவிட்டன. 1,400 மணியில் அவ்வளவு தேயாது.

பதிவேடு தொலைந்தால் என்ன செய்வது என்பதற்கு எஃப்.ஏ.ஏ.வின் 43-9சி சுற்றறிக்கை ஒரு நல்ல வழி காட்டுகிறது. கிடைத்த எல்லா ஆதாரத்தையும் வைத்து மணியை மீட்க வேண்டும். அப்படியும் முடிவாகத் தெரியாவிட்டால், எப்படித் தொலைந்தது, எந்த ஆராய்ச்சியின் பேரில் இந்த மணி என்று உரிமையாளர் நோட்டரி முன் உறுதிமொழி எழுதலாம். இந்திய டி.ஜி.சி.ஏ.வை அது கட்டுப்படுத்தாது. ஆனாலும் மதிப்பீட்டு அறிக்கைக்கு அந்த ஒழுங்கு நன்றாகப் பொருந்தும்.

நான் இரண்டு எண் எழுதுவேன். ஆதாரம் நிரூபிக்கும் குறைந்தபட்சம் ஒன்று, நியாயமாக இருக்கக்கூடிய அதிகபட்சம் ஒன்று. பாகங்களின் ஆயுளைக் கணக்கிட அதிகபட்சம்தான்.

ஹெலிகாப்டர் என்றால் இந்தப் படியிலேயே பெரும்பாலும் முடிவு தெரிந்துவிடும். ராபின்சன் ஆர்22-க்கு 2,200 மணி அல்லது 12 வருஷத்தில் முழு ஓவர்ஹால். பிளேடு போன்ற ஆயுள் வரம்புள்ள பாகத்தின் வரலாறு தெரியாவிட்டால் அதை ஆயுள் முடிந்ததாகவே எண்ண வேண்டும். அந்தப் பாகத்துக்கு மதிப்பு பூஜ்யம்.

8. உலோகத்தைப் படிப்பது

கொங்கு நாட்டின் வறண்ட காற்று விமானத்துக்கு நல்லதுதான். ஆனால் விமானம் இங்கேயே வளர்ந்ததா? கடலோர ஊரில் பத்து வருஷம் நின்றுவிட்டு வந்திருந்தால் உப்பு ஏற்கெனவே உள்ளே வேலை செய்திருக்கும். ஐந்தாவது படியின் தேதிகளோடு அது நின்ற ஊர்களையும் எழுதுங்கள்.

அலுமினியத்தில் துரு சிவப்பாக வராது. வெள்ளைப் பொடியாகவோ, பெயின்ட்டுக்கு அடியில் ஏடு ஏடாக உப்பியோ வரும். இறக்கைத் தாங்கி உடலில் சேரும் இடம், ஸ்பார், கார்ப்பெட்டுக்கு அடியில் தரைத்தகடு, பேட்டரிப் பெட்டியின் கீழ்ப்பக்கம் ஆகியவற்றைக் கட்டாயம் பாருங்கள். புஷ்பக் (துணி போர்த்திய பழைய இந்தியப் பயிற்சி விமானம்) போன்ற இரும்புக் குழாய்ச் சட்டத்தில் வால் பக்கத்து அடிக் குழாயில் தண்ணீர் தேங்கி, உள்ளிருந்து அரிக்கும். மேலே துணி மூடியிருப்பதால் வெளியே ஒன்றும் தெரியாது.

பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனியிலும் ஆடியிலும் அடிக்கும் காற்று, கட்டிவைக்காத ரடரையும் எலிவேட்டரையும் (வாலில் அசையும் இரண்டு பாகங்கள்) இரவு பகலாக ஆட்டிக் கீலைத் தின்றுவிடும். வாலைக் கையில் பிடித்து மெதுவாக அசைத்தால் ஆட்டம் தெரியும். வேகம் அளக்கும் பிட்டாட் குழாயில் குளவி மண்கூடு கட்டியிருக்கும், இறக்கைக்குள் அணில் தேங்காய் நார் அடைத்திருக்கும். நார் ஈரத்தைப் பிடித்துவைத்திருந்த இடத்தில் அரிப்பைத் தேடுங்கள்.

இன்ஜினில் ஸ்பார்க் பிளக் துளை வழியே போரோஸ்கோப் விட்டால் சிலிண்டர் சுவர் தெரியும், கேம்ஷாஃப்ட் தெரியாது. அதைப் பார்க்க ஒரு சிலிண்டரைக் கழற்ற வேண்டும். கழற்றாமல் 'இன்ஜின் நல்ல நிலை' என்று எழுதாதீர்கள். 'கேம்ஷாஃப்ட் பார்க்கப்படவில்லை' என்று எழுதி, ஓவர்ஹாலுக்கு அனுப்பும் 'கோர்' விலையை மட்டும் போடுங்கள்.

9. மூன்று வழியில் கணக்கு

பறக்க வைப்பது, பாகமாக விற்பது, பாடத்துக்கு வைப்பது என்று மூன்று வழியிலும் தனித்தனியாகக் கணக்குப் போட வேண்டும். முறை புரிவதற்காக, முழுப் பதிவேட்டோடு பறக்கும் நிலையில் உள்ள அதே மாடலின் விலையை 100 என்று வைத்துக்கொள்வோம். இவை பாடத்துக்கான எண்கள் மட்டுமே. உங்கள் விமானத்துக்கு நீங்கள் கொட்டேஷன் வாங்கித்தான் நிரப்ப வேண்டும்.

பறக்க வைக்க: இன்ஜின் ஓவர்ஹால் 38, ப்ரொப்பெல்லரும் துணைப்பாகங்களும் 9, உடலைத் திறந்து சோதித்துச் சரிசெய்ய 17, ஏ.டி. உத்தரவுகளை (குறை கண்ட பாகத்தைச் சரிசெய்ய விமானத் துறை இடும் கட்டாய உத்தரவு) நிறைவேற்றியதற்குச் சான்று இல்லாததால் மறுபடி செய்ய 8, பதிவும் காகிதமும் 6, போக்குவரத்தும் காத்திருக்கும் காலமும் 10. ஆகச் செலவு 88, மிச்சம் 12. உடல் சோதனையில் ஸ்பார் தேறாவிட்டால் அந்த 12-உம் போய்விடும்.

பாகமாக விற்க: இன்ஜின் கோர் 9, ரேடியோவும் கருவிகளும் 4, சக்கரமும் பிரேக்கும் 3, கதவும் கண்ணாடியும் 4, மீதி உடல் 2. கழற்றும் கூலி 3 போக 19. விடுவிப்புச் சான்று (பாகம் பறக்கத் தகுதி என்று தரும் காகிதம்) இல்லாத பாகத்தை அப்படியே பறக்கும் விமானத்தில் மாட்ட முடியாது. அதனால் சான்றுள்ள பாகத்தின் விலையை இங்கே போடாதீர்கள், கழற்றிய நிலை விலைதான்.

பாடத்துக்கு வைக்க: பறக்காத அதே தரத்து விமானம் ஒன்றை வேறு எங்காவது வாங்கி, ஏற்றிவந்து, பூட்டி நிறுத்த ஆகும் செலவு. அது 24 என்று வைத்துக்கொள்ளுங்கள். கல்லூரியின் சொத்துப் பதிவேட்டுக்கு இதுதான் பொருந்தும். லாரி வாடகையை ஏற்கெனவே செலவில் எழுதியிருந்தால் இங்கே மறுபடி ஏற்றாதீர்கள். இந்தப் பிழையை ஆடிட்டர்கள் உடனே பிடித்துவிடுவார்கள்.

அடித்தட்டு விலை ஒன்று உண்டு: பழைய இரும்புக் கடை விலை. செஸ்னா 152-இன் வெற்று எடை ஏறத்தாழ 500 கிலோ. அதில் இன்ஜினே நூறு கிலோவுக்கு மேல். கோவை உக்கடத்துக் கடைக்காரர் போல்ட்டும் பெயின்ட்டும் கலந்த தகட்டுக்குப் பாத்திர அலுமினிய விலை தரமாட்டார். மூன்று வழியும் இதற்குக் கீழே போனால் உங்கள் கணக்கில் எங்கோ பிழை.

அமெரிக்க விலைப் புத்தகங்களின் எண்ணை ரூபாயாக மாற்றி 100-க்கு அடிப்படையாக வைப்பவர்கள், அந்த விலை முழுப் பதிவேடு இருப்பதாக எண்ணித் தந்தது என்பதையும், இங்கே கொண்டுவரும் செலவையும் மறந்துவிடுகிறார்கள்.

10. அறிக்கை

ஒற்றை எண்ணோடு முடிக்காதீர்கள். எந்த வழியில், எந்தத் தேதிக்கு, யாருடைய பயனுக்கு என்று எண்ணுக்கு முன்னால் வர வேண்டும். எதைப் பார்த்தோம், எதைப் பார்க்கவில்லை என்று இரண்டு பட்டியல் வேண்டும். இரண்டாவது பட்டியல் நீளமாக இருப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தேடிப் போன ஒவ்வொரு இடத்தையும், வந்த பதிலையும், பதில் வராததையும் இணையுங்கள்.

'பறக்கும் நிலைக்குக் கொண்டுவரலாம்' என்ற வரியை எழுதச் சொல்லிக் கேட்பார்கள். ஏ.எம்.இ. கையெழுத்திடாமல் அதை எழுதாதீர்கள். உடலின் சீரியல் நம்பர் தகட்டைக் கழற்றி யாருக்கும் தராதீர்கள், விற்கும்போதும்கூட. தகடும் இரண்டு காகிதமும் இருந்தால் போதும், வேறொரு விமானத்துக்கு இதன் பெயரை வைத்துவிடுவார்கள்.

11. பின்னால் பதிவேடு கிடைத்தால்

கிடைக்கும். ஓய்வு பெற்ற மெக்கானிக் ஒருவர் வீட்டுப் பரண் மேலிருந்த டிரங்குப் பெட்டியிலிருந்து இன்ஜின் புத்தகம் ஒன்றை எடுத்துவந்தார், என் அறிக்கை போய் எட்டு மாதம் கழித்து. "தம்பி, எதுக்கோ வெச்சிருந்தேன், இப்பத்தான் ஞாபகம் வந்துச்சு" என்றார்.

முதலில் புத்தகத்து சீரியல் நம்பரைத் தகட்டோடு ஒப்பிடுங்கள். அடுத்து கடைசிப் பதிவின் தேதியையும் மணியையும் உங்கள் பட்டியலோடு சேர்த்துப் பாருங்கள். இடையில் இடைவெளி இருந்தால் அந்த இடைவெளிக்கு மட்டும் மறுபடி தேடுங்கள். பழைய அறிக்கையைத் திருத்தாதீர்கள். புதிய தேதியிட்ட துணை அறிக்கை எழுதி, எந்த வரி எதனால் மாறியது என்று காட்டுங்கள். அந்த இன்ஜினுக்குப் புத்தகத்தில் ஓவர்ஹால் பதிவு இருந்தது. ஆனால் அது நின்ற வருஷங்கள் அப்படியேதான் இருந்தன. அதனால் கோர் விலை மாறவில்லை, பாகங்களின் அடையாளம் மட்டும் உறுதியானது.